லயத்துக்கும் வருவாரா?

நவம்பர் 30, சனி

என் மகள் நிலக்ஷனாவின் முன்பல் இன்று விழுந்தது. கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது, காலையில் கடித்த பாண் துண்டோடு கழன்று வந்துவிட்டது. வழக்கப்படி கூரைமேல் எறிந்து, பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல் தரும்படி அணிலிடம் கேட்டோம். எறிந்த கையோடு கேள்வி: அந்தப் பழைய பல்லை அணில் என்ன செய்யும்?

நான் யோசிக்கவே இல்லை. குட்டிகளுக்குப் பல் முளைக்கும்வரை இரவல் கொடுக்கும் என்றேன்.

ஆறு வயதுப் பிள்ளை, நம்பிவிட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேசராணி என்னைப் பார்த்தாள். ஹாலிஎலயில் கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்து நாள் முழுவதும் கையெழுத்துச் சரிபார்க்கிறவள். கள்ளக் கையெழுத்தைப் பார்க்கிற அதே பார்வை. "ஏங்க, வாயத் தெறந்தாலே பொய்தானா?" என்றாள்.

பொய் இல்லை, கற்பனை என்றேன். இரண்டாம் வகுப்பு ஆசிரியனுக்குக் கற்பனைதான் மூலதனம் என்றும் சேர்த்துச் சொன்னேன். பதில் வருவதற்குள் மழை வந்துவிட்டது. துணியை அள்ளிக்கொண்டு ஓடினோம்.

பொய்க்கும் கற்பனைக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு விரிவாக எழுத வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதவில்லை. தேவாலயத்தில் கிறிஸ்மஸுக்கான முதல் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எனக்குத் தூக்கம்.

டிசம்பர் 4, புதன்

கிறிஸ்மஸ் தாத்தாவிடம் நிலக்ஷனா சைக்கிள் கேட்டிருக்கிறாளாம். ரோசா நிறம், முன்னால் கூடை. எப்படிக் கேட்டாய் என்றால், ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாளாம். கண்ணாடியில் அந்த ஈரம் இன்னும் இருக்கிறது.

சைக்கிள்! எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று உண்டென்றால் அது பாடசாலை முற்றம் மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஆனாலும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

நேசராணி வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. "வாங்கிக் குடுங்க. அப்பா வாங்கினேன்னு சொல்லிக் குடுங்க. அதுல நீங்க என்ன கொறஞ்சு போயிருவீங்க?" என்றுதான் கேட்டாள். பிள்ளைக்குப் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. சின்னப் பொய், பெரிய பொய் என்று அவளிடம் தரம் பிரிக்கிற வழக்கமே இல்லை.

எனக்கு வேறு கணக்கு. என் அப்பா இந்த விஷயத்தில் மிக நேர்மையானவர். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே, தாத்தாவும் இல்லை, பூட்டனும் இல்லை, எல்லாம் கடைக்காரன் கட்டிய கதை என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு டிசம்பர் என்றால் எனக்குக் குளிர்தான். ஜன்னலில் வாய் வைத்துப் பேச ஆள் இல்லை. என் மகளுக்கு அந்த ஆள் இருக்கட்டுமே. பாவமா?

(அவளுக்காகவா, எனக்காகவா? நல்ல கேள்வி. விளக்கை அணைக்கச் சொல்கிறாள் நேசராணி.)

டிசம்பர் 7, சனி

பதுளைக்குப் போனேன். ரிப்கானின் கடையிலேயே சைக்கிளை வாங்கி, அவனிடமே ஒளித்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நாங்கள், ஆகவே மரியாதை எதிர்பார்க்க முடியாது.

"வாங்குறது நீ, பேரு அந்தக் கெழவனுக்கா மச்சான்?" என்றான். "யாவாரத்துல இப்பிடி ஒருத்தனும் செய்ய மாட்டான்."

அன்பு வியாபாரம் இல்லை என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் குடையை அங்கேயே விட்டது தெரிந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

தனுஜா விளையாட வந்தாள். எங்கள் ஆசிரியர் விடுதிக்குக் கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் உள்ள லயத்துப் பிள்ளை. என் வகுப்பு. நிலக்ஷனாவைவிட ஒரு வயது பெரியவள். அவள் அம்மா கலாராணி கொழுந்து பறிக்கிறாள். அப்பா கிருஷ்ணராஜ் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார்.

நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேயிலை பெக்டரியில் ரோதமுனி என்றொரு சாமி இருக்கிறது, அதுதான் சக்கரங்களுக்குக் காவல், கும்பிடாமல் இயந்திரத்தைத் தொட்டால் கையை இழுத்துவிடும் என்று தனுஜா சொல்லியிருக்கிறாள். நிலக்ஷனா நேரே என் மேசைக்கு வந்து நின்றாள். ரோதமுனி உண்மையா என்று கேட்டாள்.

எவ்வளவு பெருந்தன்மையாகப் பேசினேன் நான். அது சிலருடைய நம்பிக்கை, அதை நாம் மதிக்க வேண்டும், ஆனால் இயந்திரம் ஓடுவது மின்சாரத்தில் என்றேன்.

"அப்ப கிறிஸ்மஸ் தாத்தா?"

"அவர் உண்மை."

அடுப்படியில் நேசராணி சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

தனுஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற பார்வை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

டிசம்பர் 11, புதன்

மகத்தான கண்டுபிடிப்பு.

தகரக் கூரையில் மழை அடித்தால் வகுப்பில் என் குரல் எனக்கே கேட்காது. இன்று பிள்ளைகள் மழையையும் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். கத்திப் பார்த்தேன், மேசையைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "நல்ல பிள்ளைகளுக்குத்தான் கிறிஸ்மஸ் தாத்தா பரிசு கொண்டுவருவார். யார் யார் சத்தம் போடுகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

கப்சிப்.

பயிற்சிக் கலாசாலையில் படித்த உளவியல் எல்லாம் செய்யாததை ஒரு சிவப்புச் சட்டைக்காரர் செய்துவிட்டார். அந்த அமைதியில் தனுஜா கையை உயர்த்தினாள்.

"லயத்துக்கும் வருவாரா சேர்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் இந்துக்கள். அவர்கள் வீட்டில் டிசம்பர் மாதத்தில் ஒரு பண்டிகையும் இல்லை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வகுப்பு எவ்வளவு அமைதியாக இருந்தது!

"வருவார். எல்லா இடத்துக்கும் வருவார்" என்றேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கேட்காமலே தனுஜா கரும்பலகையைத் துடைத்தாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

அந்தப் பிள்ளையின் முன்னேற்றம் ஆச்சரியம். இடைவேளையில் தன் பிஸ்கட்டைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். வகுப்பைக் கூட்டினாள். எப்போதோ சண்டை போட்டவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாள், அவன் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்துவிட்டான். வீட்டுக்குப் போகும்போது, "யாருமே பாக்காதப்ப செஞ்சதையும் தாத்தா பாத்திருப்பாரா சேர்?" என்று கேட்டாள். கட்டாயம் பார்த்திருப்பார் என்றேன்.

ஆசிரியர் அறையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஒழுக்க விருத்தி என்ற சொல்லைக்கூடப் பாவித்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கரோல். ஒவ்வொரு வருடமும் தாத்தா வேடம் போடுகிறவன் இந்த முறை ஊரில் இல்லை. சபை மூப்பர் யேசுரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜோன்சன், ஒனக்குத்தான் வயிறு இருக்கு. தலகாணி கட்டத் தேவல்ல" என்றார். அத்தோடு நியமனம் முடிந்தது.

முகமூடியில் மூக்குக்கு விட்ட ஓட்டை ஊசி நுழையும் அளவு. போன வருடக்காரனின் வெற்றிலை மணம் உள்ளேயே தங்கியிருந்தது. தாத்தா பேசக் கூடாது என்பது மூப்பரின் சட்டம், பிள்ளைகள் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். மேளத்துக்கு ஆடலாம், தலையாட்டலாம், டொபி கொடுக்கலாம். லொறியில் ஏறிப் புறப்பட்டோம்.

எங்கள் வீட்டு வாசலில் நிலக்ஷனா என் கையைத் தொட்டுப் பார்த்தாள். கண்டுபிடிக்கவில்லை. நேசராணி மட்டும் என் செருப்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லயத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த வீடுகள் இரண்டோ மூன்றோதான். அந்த வாசல்களில் மட்டும் பாடுவது வழக்கம். இன்னும் இருட்டவில்லை. தனுஜா முகம் கழுவி, பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டையோடு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நாங்கள் அந்த வாசலைக் கடந்து போனோம். அவள் இறங்கி வந்து என் அங்கியைப் பிடித்தாள்.

"தாத்தா, எங்க வீடு இதுதான். மூணாவது கதவு."

தலையாட்டினேன். முகமூடிக்குள் இருக்கிறவன் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு டொபி கொடுத்தேன். தின்னவில்லை. முற்பணம் மாதிரி வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

கால் வலிக்கிறது. ஆட்டம் நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.

டிசம்பர் 24, செவ்வாய்

மழையில் தார்ப்பாய் சுற்றி ஆட்டோவில் சைக்கிள் வந்து சேர்ந்தது. பிள்ளை தூங்கிய பிறகு பாகம் பாகமாகப் பூட்டினேன். பூட்டி முடித்த பிறகு ஒரு ஸ்குரூ மிச்சம். சைக்கிள் நிற்கிறது, ஆகவே அது உபரி என்று முடிவு செய்தேன்.

தாத்தா தின்றதற்கு அடையாளமாக, அவருக்கென்று பிள்ளை எடுத்து வைத்திருந்த கேக்கைக் கடித்து வைத்தேன். நேசராணி வந்து பார்த்தாள். "பொய் சொல்றதாவது ஒழுங்கா சொல்லுங்க. ஒங்க பல்லு எடவெளி அப்பிடியே தெரியுது" என்றாள். கடைவாயால் இன்னொரு முறை கடித்தேன். இப்போது அது எலி கடித்த மாதிரி இருக்கிறது.

எதையோ மறந்துவிட்ட மாதிரி ஓர் உணர்வு. ஸ்குரூவாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 25, புதன்

சைக்கிளைக் கண்டதும் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிற பிள்ளையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உலகத்திலேயே சிறந்த அப்பா நான்தான். ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை.

டிசம்பர் 26, வியாழன்

தனுஜாவிடம் காட்டுவதற்காகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துக்குப் போனாள் நிலக்ஷனா. போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தனுஜா என்ன தப்பு செஞ்சா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபத்து நாலாம் திகதி மாலை தனுஜா வீட்டு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறாள். தாத்தா வருவார் என்று இரவு கதவுக் கொண்டியை நீக்கி வைத்திருக்கிறாள். கலாராணி எழுந்து கொண்டியைப் போட, இவள் மறுபடி நீக்க, அடி விழுந்திருக்கிறது. காலையில் வாசலில் ஒன்றும் இல்லை. ஏன் வரவில்லை என்று இவளே யோசித்துக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். முன்பொரு நாள் கொப்பியைக் கிழித்த தம்பியைக் கிள்ளினாளாம். யாரும் பார்க்கவில்லை. தாத்தா பார்த்துவிட்டார்.

"அவ கெட்ட புள்ளயாம். அவளே சொல்றா. வெளிய வரவே மாட்டேங்கிறா." பிறகு கொஞ்சம் யோசித்து, "கெட்ட புள்ளயா இருந்தா நான் அவகூட வெளையாடலாமாப்பா?" என்று கேட்டாள்.

போய்ச் சாப்பிடு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஐயோ — நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன். மறந்தே போச்சு. சுத்தமா மறந்து போச்சு. கேக்கை எந்தப் பல்லால கடிக்கிறதுன்னு யோசிச்சவனுக்கு மூணாவது கதவு ஞாபகம் வரல. கூப்பிட்டுக் காட்டினாளே. தலைய ஆட்டினேனே.

டிசம்பர் 27, வெள்ளி

நேசராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "போய்ச் சொல்லிருங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் நான் யார்? கற்பனையை மூலதனமாக வைத்திருக்கிறவன். மண் சரிந்து பதுளை வீதி மூடியதால் தாத்தா சுணங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டால்? நேற்று உண்மையாகவே ஓரிடத்தில் மண் சரிந்தது. பொய்யில் பாதி உண்மை. பஸ் பிடித்து ரிப்கானிடம் போய்க் கண் மூடித் திறக்கிற பொம்மை ஒன்று வாங்கினேன். "கெழவர் திரும்பவும் வந்துட்டாரா?" என்றான். குடையைக் கேட்டேன், யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம்.

டிசம்பர் 28, சனி

விடியுமுன் குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். எல்லோரும் தூங்கும்போது வாசலில் பொம்மையை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது திட்டம். கொழுந்து எடுக்கிறவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன்பே சமைத்து, தண்ணீர் பிடித்து, பாதி நாள் வேலையை முடித்துவிடுவார்கள் என்பது இத்தனை வருடம் தோட்டத்தில் இருக்கிற எனக்குத் தெரியாமல் போனது எப்படி? நாய் குரைத்தது. குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நடுவில் கலாராணி, கையில் குடம்.

"யாரு, சேரா? என்னா சேர் இந்நேரத்துல?"

தாத்தா, மண்சரிவு, சுணக்கம் என்று என்னவோ சொன்னேன். தொப்பியைக் கழற்றவும் மறந்துவிட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். என்னைத் தள்ளி ஓரமாக வரச் சொன்னாள். மற்றவர்கள் காதில் விழாமல்தான் பேசினாள், அந்த மரியாதையை மட்டும் எனக்குத் தந்தாள்.

"ராவெல்லாம் எந்திரிச்சு உக்காந்து அழுவுறா சேர். வெளையாட்டுச் சாமான் கேட்டு அழுவுறான்னு நெனச்சு நா அடிச்சிட்டேன். அவ சாமான் கேக்கல. நா கெட்டவளாம்மான்னு கேக்குறா."

பொம்மையை நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"பொம்ம வேணாம். வாங்கிக் குடுக்க அவ அப்பா இருக்காரு. எம்புள்ள நல்ல புள்ளன்னு நீங்க வந்து சொல்லிருங்க. நா சொன்னா நம்ப மாட்டேங்கிறா. சேர் சொன்னாத்தானாம்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பொம்மையோடு மேலே ஏறினேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் அது பைக்குள் கண்ணை மூடித் திறக்கிற சத்தம் கேட்டது. நாய் வீடுவரை கூட வந்தது.

டிசம்பர் 29, ஞாயிறு

சொல்லவில்லை. மழை.

டிசம்பர் 30, திங்கள்

சொல்லவில்லை. மழை இல்லை.

சிக்கல் இதுதான். தனுஜாவிடம் உண்மையைச் சொன்னால் அன்றைக்கே அது நிலக்ஷனா காதுக்கு வரும். ஆகவே முதலில் என் மகளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஜன்னலில் வாய் வைத்துப் பேச அவளுக்கும் ஆள் இருக்காது. தாத்தாவையும் காப்பாற்றி, தனுஜாவையும் காப்பாற்ற வழி உண்டா? விலாசம் மாறிவிட்டது என்று சொல்லலாம். மூட்டை நனைந்துவிட்டது என்று சொல்லலாம். மூப்பரிடம் சொல்லி இன்னொரு தாத்தாவை —

நேசராணி எல்லாத் திட்டங்களையும் பொறுமையாகக் கேட்டாள். "இதுல ஒண்ணுகூட நெசம் இல்லையே" என்றாள்.

டிசம்பர் 31, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பின்னேரம், அடுப்படியில். பலகாரத்துக்கு மா பிசைந்துகொண்டிருந்த நேசராணியும் இருந்தாள். கிறிஸ்மஸ் தாத்தா என்று ஒருவர் இல்லை, அது அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளுக்காகச் சொல்லும் கதை என்றேன். நிலக்ஷனா அழவில்லை. கேள்விதான் கேட்டாள், பொலிஸ் மாதிரி. சைக்கிள் யார் வாங்கியது? அப்பா. கேக்கைக் கடித்தது? அப்பா. கரோலில் ஆடியது? அதுவும் அப்பாதான்.

"அன்னைக்கு ஒங்க கையத்தான் தொட்டேனா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இயேசப்பா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டாமா? முட்டாள். இத்தனை நாளில் ஒரு தரம்கூட இது என் புத்திக்கு எட்டவில்லையே.

"அவர் உண்மை" என்றேன்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னீங்க."

அதே இரண்டு சொற்கள். முகத்தையும் அன்றைக்குப் போலவே வைத்திருந்திருப்பேன். ஒரே கள்ள நோட்டை இரண்டு கடையில் நீட்டியவன் மாதிரி நின்றேன். நான் உண்மையாகவே நம்புகிற ஒன்றைச் சொல்லும்போது என் சொல்லுக்கு மதிப்பு இல்லை.

நேசராணிதான் மாக் கையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "அவர நானும் பாத்ததில்ல, அப்பாவும் பாத்ததில்ல. நாங்க நம்புறோம். பொய் சொல்லணும்னு சொல்லல. நீ பெருசானதும் நீயே யோசிச்சுப் பாரு" என்றாள். மூப்பர் கேட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பார். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

நிலக்ஷனா எழுந்தாள். சைக்கிளைப் பற்றியும் இல்லை, தாத்தாவைப் பற்றியும் இல்லை. "என்கிட்ட சொன்னது பரவாயில்ல. தனுஜாகிட்ட ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள்.



ஜனவரி 1, புதன்

ஆராதனை முடிந்து நேரே லயத்துக்குப் போனோம், நானும் நிலக்ஷனாவும். பலகாரத் தட்டைக் கலாராணி வாங்கிக்கொண்டாள். அதை மறுக்கவில்லை. தனுஜா அவள் சேலைக்குப் பின்னால் நின்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரியும் வரவில்லை. வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையின் படியில் உட்கார்ந்தேன்.

"தாத்தான்னு யாரும் இல்ல தனுஜா. முகமூடி போட்டுட்டு வந்தது நான்தான். நீ கதவக் காட்டினப்ப தலையாட்டினதும் நான்தான். அப்புறம் மறந்துட்டேன். தப்பு என்னோடது, ஒன்னோடது இல்ல."

அவள் சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"அப்ப தம்பியக் கிள்ளினத யாருமே பாக்கலயா?"

"பாக்கல."

"நான் நல்ல புள்ளயா சேர்?"

"நல்ல பிள்ளை. வகுப்பில் கேட்டுப் பார், எல்லோரும் சொல்வார்கள்." பதற்றத்தில் புத்தகத் தமிழ் வந்துவிட்டது.

தலையை ஆட்டினாள். நிலக்ஷனாவை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். அடுத்த நிமிடம் தம்பி வீரிட்டு அலறுகிற சத்தம்.

கலாராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "இப்ப நான் பாத்துட்டேன்" என்று நிலக்ஷனா உள்ளே ஓடினாள். இருட்டும்வரை இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

ஜனவரி 2, வியாழன்

வகுப்பு முழுவதற்கும் சொன்ன பொய், ஆகவே வகுப்பு முழுவதற்கும் உண்மையைச் சொன்னேன். பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எங்களுக்குத் தெரியும் சேர்" என்றார்கள். எல்லோருக்கும் தெரியுமாம். அன்றைக்கு அமைதியாக இருந்தது ஏன் என்றால், சேர் பாவம், தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தார்களாம்.

நம்பியவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 7, செவ்வாய்

மழை வரும், குடை எடுத்துக்கொள் என்றேன். நிலக்ஷனா அம்மாவிடம் போய், "மழை வருமா?" என்று கேட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

கத்தரிக்காய் உடம்புக்கு நல்லது என்றேன். அம்மாவைப் பார்த்தாள். நேசராணி மேலதிகாரி மாதிரி தலையை அசைத்து அங்கீகரித்தாள். சாப்பிட்டாள்.

நாளைக்கு என் பெயர் ஜோன்சன் என்று சொன்னால் அடையாள அட்டையைக் கேட்பாள்.

ஜனவரி 15, புதன்

கிருஷ்ணராஜ் பொங்கலுக்கு வந்திருக்கிறார். வீதியில் கண்டு, "சேர்தான் அந்தத் தாத்தாவாமே" என்றார். கோபமா, கேலியா? கையைக் குலுக்கினார். கேலி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிலக்ஷனாவுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேசராணி லீவு போட்டாள். மூவரும் பதுளைக்குப் போனோம்.

பரிசோதனை அறையில் ஊசியைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வலிக்காது என்றாள் தாதி. நிலக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். நேசராணியின் முகம் பிள்ளையின் முகத்தைவிட வெளுத்திருந்தது. "வலிக்காதும்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். என் மனைவி இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நிலக்ஷனா கையை நீட்டவில்லை. அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா?"

வாய் நிறையக் கதை இருந்தது. எறும்பு ராசா, இரத்தம் குடிக்கும் குட்டி, எல்லாம் வரிசையில் வந்து நின்றன. விழுங்கினேன்.

"வலிக்கும். ஊசி ஏறுறப்ப சுருக்குன்னு வலிக்கும். பஞ்ச வச்சு அமத்தினதும் கொறஞ்சிரும். நான் ஒன் கையப் பிடிச்சுக்கிறேன்."

தாதி என்னை முறைத்தாள். நிலக்ஷனா என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

கண்ணில் நீர் வந்தது, ஆனால் கையை இழுக்கவில்லை. அழுதது நான்தான். பஞ்சு எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான்.

பஸ்ஸில் என் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம். ஹாலிஎலவுக்கு வரும்போது கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா, அப்பா சொன்ன அளவுதான் வலிச்சிச்சு."

நேசராணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.